பின்னாடி, இடது பக்கம்

இந்த உடம்பில் உயிர் இருக்கிறவரை என் காரின் ஸ்டியரிங்கை இன்னொருவர் தொட விடமாட்டேன் என்று கண்ணாடிக்காரர் குளியலறையில் சபதம் எடுத்தார். குளியலறையில்தான் எடுக்க முடியும். மற்ற அறைகளில் மனைவி இருந்தாள்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து, பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று படிக்கவைப்பவர். ஐம்பதை நெருங்கும்போது சிலருக்கு முட்டிவலி வரும். இவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. சிவப்பு நிறம், இரண்டே கதவு, இரண்டே சீட்டு. யாரோ ஓட்டிப் பழையதாக்கிய வண்டிதான். ஆனால் இவர் அதைத் துடைக்கும் அழகைப் பார்த்தால் நேற்றுத்தான் பிறந்த பிள்ளையோ என்று தோன்றும்.

வண்டியோடு ஒரு கனமான புத்தகமும் வந்தது. அதை அவர் பிரிக்கவே இல்லை. மனைவி நூலகத்தில் வேலை பார்ப்பவள். அச்சடித்த எதையும் விடமாட்டாள். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைக்கூடக் கடைசி வரி வரைக்கும் படிப்பாள். அந்தப் புத்தகத்தை ஒரே வாரத்தில் முடித்துவிட்டாள்.

சபதத்துக்குக் காரணம் சனிக்கிழமை சாயங்காலம் நடந்த பேச்சு.

"என்னங்க, நாளைக்கு எங்க ஸ்கூல் சிநேகிதிங்க எல்லாம் ஒண்ணு சேர்றோம். காரை நான் எடுத்துட்டுப் போறேன்."

"நீ எதுக்கும்மா சிரமப்படணும்? நான் கொண்டு விடறேன்."

"பொம்பளைங்க மட்டும்தான்."

"நான் வாசல்லயே நிக்கிறேன்."

"அஞ்சு மணி நேரமா?"

"குடை எடுத்துட்டு வரேன்."

"ஒண்ணும் வேண்டாம். சாவியைக் குடுங்க. காலையில அவசரத்துல தேட முடியாது."

சாவி கைமாறி அவள் கைப்பைக்குள் போனது. அவளுக்கு இருபது வயதிலிருந்து லைசென்ஸ் உண்டு, இதுவரை ஒரு கீறல் கிடையாது. இவர் மூன்றாவது தடவையில் தேறியவர். அந்த விஷயத்தை எடுத்துப் பேசினால் தன் கட்சி நிற்காது என்று அவருக்கே தெரியும். ஆனாலும் அவள் சீட்டை முன்னால் இழுப்பாள், கண்ணாடியைத் திருப்புவாள், ரேடியோவை மாற்றுவாள் என்று நினைத்ததும் எழுந்துபோய் வண்டியை இன்னொருமுறை துடைத்துவிட்டு வந்தார். முடியாது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொழுது புலர்ந்ததும் பனியனோடு, பூனை நடை நடந்து வெளியே வந்தார். கையில் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர், மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ முடுக்குவது. பின் சக்கரம், இடது பக்கம். அங்கேதான் சுவர் மறைக்கும். குந்தி உட்கார்ந்தார். வால்வு மூடியைக் கழற்றினார். நடுவில் இருந்த ஊசியை அமுக்கினார்.

உஸ்ஸ்ஸ்ஸ்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு அவருக்கே கண் கலங்கிவிட்டது. "கோவிச்சுக்காதடா கண்ணா, உன் நல்லதுக்குத்தான்" என்று சக்கரத்தைத் தடவிக்கொடுத்தபடியே சத்தம் ஓயும்வரை அமுக்கினார்.

எழுந்து பார்த்தால் வண்டி அப்படியே நிற்கிறது. ஒரு பக்கம் சாய வேண்டாமா? டயர் சப்பையாகித் தரையோடு படுக்க வேண்டாமா? ஊஹூம். மாப்பிள்ளை முறுக்கோடு நிமிர்ந்து நின்றது. காலால் உதைத்துப் பார்த்தார். கட்டைவிரல்தான் வீங்கியது. திரும்பவும் குந்தி அமுக்கினார். உள்ளே ஒரு மூச்சுகூட பாக்கி இல்லை. பார்வைக்கு எப்படி இருந்தால் என்ன, காற்று இல்லை என்பது சத்தியமான உண்மை, பொய் சொல்கிற பாவம்கூட இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார்.

"ஏங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"வண்டி பஞ்சர்ம்மா."

"அய்யோ! எந்தச் சக்கரம்?"

"பின்னாடி, இடது பக்கம்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். சக்கரத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திரும்பவும் சக்கரத்தைப் பார்த்தாள்.

"நல்லாத்தானே நிக்குது?"

"நிக்கறது வேற, காத்து இருக்கறது வேற."

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே."

"உனக்கு எப்படித் தெரியும்? பழகின கண்ணுக்குத்தான் தெரியும். இருபத்தஞ்சு வருஷமா கண்ணு பாக்கற தொழில் பண்றேன். வாசப்படியில நின்னு ஒரு பார்வை பார்த்தேன், அவ்வளவுதான். புரிஞ்சுபோச்சு."

"அப்ப ஸ்டெப்னி மாத்துங்க."

இதற்குத்தான் காத்திருந்தார். "இந்த வண்டியில ஸ்டெப்னியே கிடையாது!" என்றார். இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

"ஏன் கிடையாதுன்னு தெரியுமா?"

"ஸ்போர்ட்ஸ் காரும்மா. அதுல எல்லாம் வைக்க மாட்டாங்க."

"அதனால இல்லைங்க. இது காத்துப் போனாலும் ஓடற டயர். பக்கச் சுவர் அவ்வளவு கெட்டி. அதனாலதான் ஸ்டெப்னி வைக்கல. மொத்தக் காத்தும் போனப்புறம்கூட எண்பது கிலோமீட்டர் ஓடும், எண்பது வேகத்துக்கு மேல போகக்கூடாது, அவ்வளவுதான். புஸ்தகத்துல தனி அத்தியாயமே இருக்கு. நீங்க படிக்கலையா?"

கண்ணாடிக்காரர் சக்கரத்தைப் பார்த்தார். வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டதே என்று அதன்மேல் கோபம் கோபமாக வந்தது.

"ஆபத்தும்மா. நடுரோட்டுல நின்னுட்டா?"

"போக முப்பது, வர முப்பது. அறுபதுதான்."

"சரி, நானும் வரேன். துணைக்கு."

"பாரம் எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லதுன்னு போட்டிருக்கு" என்று சொல்லி அவள் அவருடைய வயிற்றை ஒருமுறை பார்த்தாள். அவர் அதை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். வண்டியைக் கிளப்பியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து, எந்தச் சக்கரம் என்றும் காட்டியது. "ஆமாங்க, காத்து இல்லைதான். பின்னாடி, இடது பக்கம். கரெக்டா சொல்லிட்டீங்களே!" என்று வியந்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்குப் பகல் முழுவதும் அவர் சோறு இறங்காமல் கிடந்தார். தெருவில் எந்த வண்டி உறுமினாலும் ஜன்னலுக்கு ஓடினார். மனைவிக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயந்தார். காருக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்றும் பயந்தார். எதை நினைத்து முதலில் பயந்தோம் என்று யோசிக்கப் பயந்து அதை விட்டுவிட்டார்.

சாயங்காலம் நாலரை மணிக்கு வண்டி வந்தது. மனைவி பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கி, கைகால் கழுவி, இரண்டு கோப்பை காபியோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எதுக்கு வம்புன்னு முதல்ல முக்குல இருக்கற டயர் கடையிலதான் நிறுத்தினேன். காத்து அடிச்சு, சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தார். ஓட்டையே இல்லையாம்."

"அதிசயமா இருக்கே!"

"அடிச்ச காத்து கல்லு மாதிரி நின்னுடுச்சு. யாரோ ஊசியை அமுக்கி விட்டிருக்காங்கன்னார்."

"எவனோ போக்கிரி! கையில மாட்டினா தோலை உரிச்சுடுவேன்."

"நானும் அதைத்தான் நினைச்சேன். அவர் இன்னொண்ணும் சொன்னார்."

"என்னவாம்?"

"இந்த டயர்ல காத்துப் போனா வெளியிலேர்ந்து பார்த்து யாராலயும் சொல்ல முடியாதாம். முப்பது வருஷமா தொழில் பண்ற அவராலயே முடியாதாம். வண்டியைக் கிளப்பி, அந்த விளக்கு எரிஞ்சாத்தான் தெரியுமாம்." ஒரு வாய் காபி குடித்தாள். "சாவி நேத்துலேர்ந்து என் பையில இருக்கு. நீங்க எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

கண்ணாடிக்காரர் காபியைப் பார்த்தார். அதில் ஆடை படர்ந்துகொண்டிருந்தது. விரலால் அதை ஒதுக்கினார்.

"எடுத்துட்டுப் போகாதேன்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?" அவள் குரலில் கோபம் இல்லை, கொஞ்சம் வருத்தம்தான் இருந்தது. அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது.

"சொல்லியிருந்தா எடுத்துட்டுப் போயிருக்க மாட்டியா?"

"போயிருப்பேன். ஆனா காத்தாவது மிஞ்சியிருக்கும்."

அவருக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது. "தப்புதாம்மா" என்றார். அப்படி அவர் சொன்னதை அவள் ரசித்துக் கேட்டாள், இன்னொருமுறை சொல்லச் சொன்னாள், சொன்னார்.

"போகட்டும் விடுங்க. டயர் கடைக்காரருக்கே இல்லாத கண்ணு உங்களுக்கு இருக்கு. அதை வீணாக்கக்கூடாது. எங்க நூலகம் எட்டு மணிக்கு, உங்க கடை பத்து மணிக்கு. இனிமே வண்டி என்கிட்டயே இருக்கட்டும். தினமும் நான் கிளம்பறதுக்கு முன்னாடி நாலு சக்கரத்தையும் ஒரு பார்வை பார்த்துச் சொல்லிடுங்க."

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குக் கண்ணாடிக்காரர் நாலு சக்கரத்தையும் சுற்றிவந்து குந்திக் குந்திப் பார்த்தார், "எல்லாம் சரியா இருக்கும்மா, நீ கிளம்பு" என்று கேட்டைத் திறந்துவிட்டார், வண்டி தெருமுனை திரும்பும்வரை கையாட்டினார், அப்புறம் பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்து வீட்டில் கேட்கப் போனார்.