காலண்டரில் இல்லாத ஆங்கெரான்

லான், மேல்நகரம்
வியாழக்கிழமை மாலை

அன்புள்ள தங்கை மரீஸுக்கு,

உன் அண்ணன் ஆங்கெரான் எழுதுவது. இங்கு நான் நலம், ஈரல் நீங்கலாக. உன் முழங்கால் நலமா, பூனை நலமா, சுவாஸோனில் மழை விட்டதா என்று அறிய ஆவல். உன் கணவர் ரெஜீஸின் நலத்தை நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கவில்லை என்பதை அவரிடம் மறக்காமல் சொல்லவும். பேரன் பிறந்ததற்கு வாழ்த்துகள். மரியாதைகள் இத்துடன் முடிந்தன; இனி விஷயம்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் வீட்டில் மணி அடித்தால் எடுப்பது அவர். தன் பன்றி இறைச்சிக் கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் அதே குரலில் "சொல்லுங்க, என்ன வேணும்" என்பார். எனக்கு அவரிடமிருந்து ஒன்றும் வேண்டாம். அதனால் கடிதம்.

செவ்வாய்க்கிழமை சூப் குடித்துக்கொண்டிருந்தபோது இங்கே லான் ஆஸ்பத்திரியிலிருந்து உன் மகள் நொயெமி கூப்பிட்டாள். "மாமா, பையன். உங்க பேரைத்தான் வைக்கப்போறேன், சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். நான் சொன்ன வார்த்தை அவளுக்குக் கேட்டிருக்காது, ஏனென்றால் அந்த நேரம் ரிசீவர் என் கையிலிருந்து சூப்பில் விழுந்துவிட்டது. துடைத்து எடுத்தேன். இப்போது அது ஒலிக்கும்போதெல்லாம் வீட்டில் வெங்காயத்தாள் வாசனை வருகிறது. நான் கோபத்தில் வைத்துவிட்டதாக அவள் நினைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டு, பெயரைப் பதிய வரும் திங்கள்தான் கடைசி நாள், அதுவரை காத்திருக்கிறேன் என்று மிகவும் மெதுவாகச் சொன்னாள். நீ அவளுக்குத் தாய். அவளைத் தடுக்க வேண்டும். காரணங்களைக் கீழே எழுதுகிறேன். உனக்கு வரலாறு பிடிக்காது என்று தெரியும், பொறுத்துக்கொள்.

இந்தப் பெயரை வைத்துக்கொண்டு யார் உருப்பட்டார்கள்? ராஜாவின் கஜானாவை நிர்வகித்த ஓர் ஆங்கெரான் இருந்தார். ராஜா செத்ததும் அவரைத் தூக்கில் போட்டார்கள், அந்தத் தூக்குமரத்தைச் செப்பனிட்டதே அவர்தான் என்றும் சொல்வார்கள். கூஸியின் பிரபுக்களில் ஓர் ஆங்கெரான், தன் காட்டில் வேட்டையாடிய மூன்று இளைஞர்களை விசாரணையே இல்லாமல் தொங்கவிட்டார். அதே குடும்பத்துக் கடைசி ஆங்கெரான் துருக்கியர்களிடம் பிடிபட்டு, சொந்த ஊரைப் பார்க்காமலே கைதியாக இறந்தார். இந்த லான் நகரத்துக்கே ஒரு பிஷப் ஆங்கெரான் இருந்தார். அதே பெயருள்ள அவருடைய உறவினன் அடுத்தவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, பிஷப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னொருவர் தன் காலத்துச் சண்டைகளை எல்லாம் விடாமல் எழுதிவைத்தார். முடிவு வரை படித்தவர்கள் குறைவு. அந்தக் குணம் மட்டும் பெயரோடு எனக்கும் வந்திருக்கிறது என்று நீ இந்த இடத்தில் நினைப்பாய். ஒரே ஒரு நல்ல ஆங்கெரான் உண்டு, ஓவியர், கன்னி மரியாளுக்கு முடிசூட்டுவதை அப்படி வரைந்தவர் வேறு யாரும் இல்லை. நம் பக்கத்து ஆள்தான். என்ன செய்தார்? தெற்கே வெயில் பக்கம் போனவர் திரும்பி வரவே இல்லை. மூளை உள்ளவர்.

இதெல்லாம் தெரிந்தும் அப்பா எனக்கு இந்தப் பெயரை வைத்தார். காரணம், தேனிலவுக்கு அம்மாவைக் கூஸிக்குக் கூட்டிப்போய், கொட்டும் மழையில், ஓர் ஆங்கெரான் கட்டி ஜெர்மானியர்கள் வெடிவைத்துத் தகர்த்த கோபுரத்தின் கற்குவியலைக் காட்டி, "ஐரோப்பாவிலேயே உயரமான கோபுரம்" என்று சொன்னாராம். அம்மா பிலிப் என்று வைக்க ஆசைப்பட்டாள். பிலிப்பாக இருந்திருந்தால் எனக்கு மே மாதத்தில் ஒரு நாள் இருந்திருக்கும். உனக்கு நினைவிருக்கும், டிசம்பரில் தபால்காரர் நாளுக்கொரு புனிதர் பெயர் போட்ட புதுக் காலண்டர் கொண்டுவந்ததும் அம்மா அதை மேஜையில் விரித்து, நம் பெயருள்ள புனிதர்களின் நாட்களை, நம் நாமவிழாக்களை, பென்சிலால் வட்டமிடுவாள். உனக்கு ஆகஸ்ட் பதினைந்து, மரியாளின் விண்ணேற்புத் திருநாள். நாடு முழுக்க விடுமுறை விட்டு, எல்லாக் கோயிலிலும் மணி அடித்தார்கள். அது உனக்காகத்தான் என்று எட்டு வயது வரை நீ நம்பினாய், நானும் நம்பினேன். எனக்குப் பன்னிரண்டு மாதமும் தேடுவாள். ஆங்கெரான் என்று ஒரு புனிதர் இல்லை. இத்தனை நூற்றாண்டுகளில் ஓர் ஆங்கெரானாவது ஒரு குஷ்டரோகியைத் தொட்டிருக்கலாம், ஓர் ஓநாயிடம் நல்லவார்த்தை பேசியிருக்கலாம். செய்யவில்லை. அதனால், காலண்டரில் இடமில்லாதவர்களுக்கு எல்லாம் விட்டுவைத்த சகல புனிதர்கள் திருநாள் எனக்கு வந்தது. நவம்பர் ஒன்று. ஊரே செவ்வந்தித் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போகும் நாள். என் நாமவிழா முழுவதும் நான் பெரியப்பாக்களின் சமாதிகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். விறைத்த விரல்களோடு திரும்பிவந்துதான் கேக் வெட்டுவோம்.

இப்போது அந்தத் தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். வராமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். பத்து வருஷங்களுக்கு மேல் ஆகிறது. உன் வீட்டில் விருந்து, நவம்பர் ஒன்று, நான் உள்ளே நுழைகிறேன். உன் கணவர் மஞ்சள் செவ்வந்தித் தொட்டி ஒன்றை என் கையில் கொடுத்து, இருபது பேர் முன்னால், "மச்சான், நாமவிழா வாழ்த்துகள். கல்லறைக்குத்தானேன்னு பூக்கடைக்காரம்மா கேட்டா. இல்லம்மா, இவரு இன்னும் நடமாடிட்டுத்தான் இருக்காருன்னேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ நாப்கினால் வாயை மூடிக்கொண்டாய், ஆனால் உன் தோள்கள் குலுங்கியதைப் பார்த்தேன். நான் தொட்டியைக் குடை ஸ்டாண்டில் வைத்துவிட்டு வெளியேறினேன். அன்று ஆப்பிள் டார்ட் இருந்தது, அடுப்பிலிருந்து வாசனை வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

புதன்கிழமை வகுப்பு இல்லாததால் காலையிலேயே நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். குழந்தைக்குக் கெடுதல் செய்யும் பெயர் என்றால் அவர்கள் அரசு வக்கீலுக்கு எழுதித் தடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. கவுன்டரில் மதாம் வஸ்ஸேர். பள்ளியில் நான் வரலாற்றுப் பாடத்தில் இருபதுக்கு ஆறு மார்க் போட்ட பெண். மறந்திருப்பாள் என்று நினைத்தேன்.

"ஆறு மார்க் சார்! வாங்க. என்ன பேரைத் தடுக்கணும்?"

"ஆங்கெரான்."

"உங்க பேரு தெரியும் சார். குழந்தை பேரைக் கேக்கறேன்."

"அதேதான்."

அவள் பேனாவை வைத்துவிட்டாள். "இந்தப் பேரால பாதிக்கப்பட்டவங்க யாராவது இருந்தா நல்லா இருக்கும்."

"நான்தான்" என்றேன். தூக்கில் தொங்கிய ஆங்கெரானைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்திய மறுநாள் கரும்பலகையில் ஒரு தூக்குமரமும், அதில் கண்ணாடி போட்ட ஓர் ஆளும் வரையப்பட்டிருந்ததைச் சொன்னேன். "அது நான்தான் சார் வரைஞ்சேன்" என்றாள். அதோடு அந்தச் சாட்சியம் கெட்டது.

என் பின்னால் கழுத்தில் பச்சை குத்திய ஓர் இளைஞன், ராத்திரி பிறந்த தன் மகனைப் பதிவதற்காக நின்றுகொண்டிருந்தான். அவன் எட்டிப் பார்த்து, "அது என்னங்க பேரு, பாலாடைக்கட்டி பேரு மாதிரி இருக்கு" என்றான். நான் அமைதியாகத்தான் திரும்பினேன், மரீஸ். ஐரோப்பாவிலேயே உயரமான கோபுரத்தைக் கட்டியது யார் தெரியுமா என்று மட்டும்தான் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அதனால் சொன்னேன். அதைத் தகர்க்க ஜெர்மானியர்களுக்கு எத்தனை வண்டி வெடிமருந்து தேவைப்பட்டது, துருக்கிச் சிறையில் கிடந்த ஆங்கெரான் எப்பேர்ப்பட்ட வீரர், எத்தனை மொழி பேசுபவர், கன்னி மரியாளின் நீல மேலாடையை ஓவியர் ஆங்கெரான் எப்படித் தீட்டியிருக்கிறார், எல்லாம் சொன்னேன். தூக்கில் தொங்கியவரைக்கூட விடவில்லை. அவர் குற்றமற்றவர், அவரைத் தூக்கில் போட்ட புது ராஜாவே பிற்பாடு மனம் வருந்தினார் என்று மேஜையைத் தட்டினேன். வரிசையில் இருந்த கிழவி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தால், மதாம் வஸ்ஸேர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்கிறாள். பள்ளியில் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

"சார், உங்க மனுவை நான் எப்படி எடுத்துக்கறது? பேரைத் தடுக்கணுமா, சதுக்கத்துல சிலை வைக்கணுமா?"

அந்த இளைஞன் என்னை மெதுவாக நகர்த்திவிட்டு, "என் பையனுக்கு ஜேடன். ரெண்டாவது பேரா அந்தக் கோபுரத்துக்காரரு பேரைப் போட்டுடுங்க" என்றான். போட்டும் விட்டார்கள். ஓர் ஆங்கெரானைத் தடுக்கப் போன நான் இந்த ஊருக்கு இன்னொருவனைச் சேர்த்துவிட்டு வந்தேன். ஜேடன் ஆங்கெரான். ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதற்கு முன்னால், அன்று மதியமே, நேரில் சொல்லிவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நீ அங்கே இருப்பாயோ என்று பயந்தேன். நீ காலையிலேயே வந்து போய்விட்டாய் என்றார்கள், நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. நொயெமி தலையணையில் சாய்ந்திருந்தாள். குழந்தை கண்ணாடித் தொட்டிலில், முகத்தைச் சுளித்துக்கொண்டு, யாரோ தனக்குத் துரோகம் செய்துவிட்டது போலத் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த முகம் யாரைப் போல என்று நான் சொல்லப்போவதில்லை.

என் காரணங்களை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். சின்ன வயதில் புதன்கிழமைகளில் என் வீட்டில் வந்து உட்கார்ந்து, இதே கதைகளைக் கேட்பாளே, அதே மாதிரி.

"மாமா, என் கிளாஸ்ல நாலு நொயெமி இருந்தோம். டீச்சர் கூப்பிட்டா நாலு பேரும் திரும்புவோம், மூணு பேரு ஏமாந்து போவோம். உங்க பேரைக் கூப்பிட்டா இந்த ஊர்லயே ஒரே ஆளுதான் திரும்புவாரு. எனக்குப் பொறாமையா இருக்கும்."

நான் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தேன்.

"அந்த ஒரு ஆளும் இத்தனை வருஷமா எங்க பக்கம் திரும்பலை. அம்மா எத்தனை தடவை கூப்பிட்டா. வீட்டுல தினமும் அந்தப் பேரைக் கூப்பிட்டுட்டே இருந்தா, ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் திரும்ப மாட்டீங்களா?"

ஜன்னல் பக்கம் பார்த்தேன். அந்த பிஷப் ஏன் அப்படிச் செய்தார் என்று அப்போது ஓரளவு புரிந்தது. பிறகு, அவள் அப்பா எங்கே என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "உங்களை ஜன்னல்லேர்ந்து பாத்ததும் படிக்கட்டு வழியா இறங்கிட்டாரு. தன்னைப் பாத்தா நீங்க திரும்பிப் போயிடுவீங்கன்னு பயம்" என்றாள்.

அவர் படிக்கட்டில் இறங்கியதால் நான் லிஃப்டில் இறங்கினேன். கீழே கதவு திறந்தபோது எதிரே, கையில் காபிக் கோப்பையோடு, அவர்தான் நின்றார். முடி எல்லாம் கொட்டிவிட்டது அவருக்கு, நீ எழுதவே இல்லையே.

"மச்சான்" என்றார்.

"ம்" என்றேன்.

"மூணு கிலோ நானூறு. கையில தூக்கினதுமே சொல்லிட்டேன். நர்ஸம்மா அப்புறம்தான் தராசுல வச்சா. கரெக்டா இருந்துச்சு." சொல்லிவிட்டுக் கோப்பையை என்னிடம் நீட்டினார். குடித்தேன். இரண்டு சர்க்கரை போட்டிருந்தது. அவர் சர்க்கரையே தொடாதவர், உனக்குத் தெரியும். குடித்ததை மன்னிப்பு என்று அவர் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியே குளிராக இருந்தது, காபி சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே என் முடிவில் மாற்றம் இல்லை. நொயெமியிடம் எடுத்துச் சொல். லூயி என்று வைக்கட்டும், பால் என்று வைக்கட்டும், வெயில் அடிக்கும் மாதத்தில் நாமவிழா வரும் ஏதாவது ஒரு பெயராக இருக்கட்டும். அந்தப் பையனும் விறைத்த விரல்களோடு கேக் தின்ன வேண்டாம். ஆங்கெரான் என்ற பெயர் என்னோடு முடியட்டும். ஜேடனை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

உன் முழங்காலுக்குப் பலமும், உன் மகளுக்குத் தூக்கமும், குழந்தைக்கு ஒரு நல்ல பெயரும் கடவுள் அருளட்டும். பூனையை விசாரித்ததாகச் சொல். மற்றவரைப் பற்றி மேலே எழுதியதே போதும்.

என்றும் உன் அண்ணன்,
ஆங்கெரான்

பின்குறிப்பு: வெள்ளி காலை. உறையை ஒட்டுவதற்குள் நொயெமி கூப்பிட்டு, கடைசியாக ஒரு தடவை கேட்டாள். ரிசீவரை இந்த முறை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் சொன்னதைச் சரி என்று எடுத்துக்கொள்ள இடமிருந்தது, அவள் எடுத்துக்கொண்டாள். பதினோரு மணிக்கு அவளுடைய கணவனோடு நகராட்சிக்குப் போகிறேன். மதாம் வஸ்ஸேருக்கு ஆறு மார்க்கை ஒன்பதாக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். நவம்பர் ஒன்றாம் தேதி மதியம் சுவாஸோனுக்கு வருகிறேன். உன் கணவரிடம் சொல்: இரண்டு தொட்டி வாங்கட்டும், மஞ்சள்தான், ஒன்று சின்னதாக இருக்கட்டும். பூக்கடைக்காரம்மா கேட்டால் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். ஆப்பிள் டார்ட் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. குழந்தையைக் குளிரில் கல்லறைக்குத் தூக்கிப் போகாதீர்கள். நீங்கள் எல்லோரும் போய்விட்டு வாருங்கள்; இந்த வருஷம் ஆங்கெரான்கள் இருவரும் அடுப்புப் பக்கம் வீட்டிலேயே இருப்போம்.