முளைநெல்லுக்குள் அகரனின் கை

திருமலைராயன்பட்டினம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள விஷ்ணுப்ரியா சித்திக்கு,

சிவப்ரியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அகரனும் நலம், ஆனால் சுத்தமாக இல்லை. நடந்த எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதப்போகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே பஸ் ஏறிவிடுவீர்கள் என்பதால், கும்பகோணம் வரும் நடராசன் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் பிள்ளை மேல் அழுக்குப் பட்டால் சனிக்கிழமையே வந்து அழைத்துப் போய்விடுவேன் என்றீர்கள். எனக்கோ, என் பள்ளி விடுமுறை முடியும்வரை அவன் இங்கே இருக்க வேண்டும். மூன்று வயதாகியும் விரலில் ஒரு பருக்கை ஒட்டினால் "தொடச்சு விடு" என்று கையை நீட்டிக்கொண்டு அழுகிறானே, அதற்கு நூலகப் புத்தகம் ஒன்றில் வழி இருந்தது. சின்னப் பிள்ளைகள் தொட்டும் பிசைந்தும் அள்ளிக் கொட்டியும் விளையாடினால் விரலுக்கு வலு வருமாம், பேச்சு வளருமாம், பயம் போகுமாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊறவைத்த ஜவ்வரிசியைத் தாம்பாளத்தில் கொட்டி அவன் முன் வைத்தேன், அவன் அலறிப் பின்னால் நகர்ந்து அம்மா பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவில் உட்கார்ந்துவிட்டான், அதைக் கழுவச் சோப்பு நுரை கொண்டுவந்தால் நுரையைப் பார்த்து இன்னும் அழுகை, அம்மா வந்து, "ஏன்டி, புள்ளைய அழ வைக்கிறதுக்கா புஸ்தகம் போட்டிருக்கான்?" என்று கேட்டார்.

அழுதபடி ஓடியவன் கொட்டகையில் போய் நின்றான். நாற்றங்காலுக்காக அப்பா விதைநெல்லை ஊறவைத்து வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடியிருந்தார். அதை யாரும் பிரிக்கக்கூடாது. முளை ஒடிந்தால் நெல் வீண். நான் பிரித்தேன். ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் வெள்ளையாக ஒரு முளை. அவன் ஒரு விரலை வைத்தான், எடுத்தான். துடைக்கச் சொல்லவில்லை. பிறகு மணிக்கட்டுவரை கையை விட்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, "அக்கா, நெல்லுக்குக் காச்சல்" என்றான்.

நானும் கையை விட்டேன். உண்மையாகவே சுட்டது, சித்தி. அடுப்பு இல்லை, வெயில் இல்லை. முளைக்கிற நெல் தானாகவே சுடுகிறது. பதின்மூன்று வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், எனக்கு அது தெரியாது.

திரும்பினால் அப்பா. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "மெதுவா, தம்பி. அது இப்பதான் முழிச்சிருக்கு" என்று அவனிடம் சொன்னார். என்னிடம், "ஒனக்கு அப்பறம் இருக்கு" என்றார்.

அன்று மத்தியானம் அகரன் தயிர்ச்சோற்றைத் தானே பிசைந்து சாப்பிட்டான். பாதி சட்டையில் போயிற்று. அழவில்லை. எனவே தயவுசெய்து சனிக்கிழமை வராதீர்கள். சித்தப்பாவுக்கு என் அன்பு.

உங்கள் கவலை குறைய வேண்டிக்கொள்ளும்,
சிவப்ரியா

பின்குறிப்பு: இதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். "வராதீர்கள்" என்ற இடத்தில் அவன் உதடு துடித்தது. விதைத்தது போக அப்பா கொடுத்த ஒரு பிடி முளைநெல்லை ஈரத்துணியில் வைத்துக்கொண்டு எங்கள் யாரையும் தொட விடமாட்டேன் என்கிறான். "அம்மா இதுக்குள்ள கைய விடணும்" என்கிறான். ஆகவே சனிக்கிழமை வாருங்கள். முதல் பஸ்ஸுக்கே வாருங்கள். இன்னும் எழுத இருக்கிறது, ஆனால் அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.