மேகப்பாறைக்கு வந்த வெக்கை

தெர்மாமீட்டர் பதினாலுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. மாதம் என்னவோ மே தான். ஆனால் கொடைக்கானலுக்கு மேலே, உருளைக்கிழங்கு மூட்டையைக் குதிரை முதுகில் இறக்குகிற மேகப்பாறையில் மே மாதத்தை யார் மதித்தார்கள்?

"ஏலே மரியசெல்வம், என்ன காட்டுது?" என்றார் பஞ்சாயத்துத் தலைவர் சுப்புராஜ்.

"பதினாலுதாங்க."

"பத்தாதே. உலகமே சூடாகுதுன்னு மெட்ராஸ்ல கமிட்டி போட்டு நிதி ஒதுக்கியிருக்காங்க. நமக்கு ரோடு வேணுமா, வேணாமா?"

"வெயிலுக்கும் ரோட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"வெயில்ல ரோடு உருகிப்போச்சுன்னு எழுது."

"நம்ம ஊர்ல ரோடே இல்லையே தலைவரே!"

"அதான் உருகிப்போச்சுல்ல!"

கிளார்க் மரியசெல்வம் ஆறு வருஷம் அலைந்து வாங்கிய வேலை இது. எழுத மறுத்தால் தலைவர் சும்மா விடமாட்டார். எழுதி மாட்டிக்கொண்டால் சர்க்கார் சும்மா விடாது. தலைவர் பக்கத்தில் இருந்தார், சர்க்கார் தூரத்தில் இருந்தது. மரியசெல்வம் தெர்மாமீட்டரைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். முப்பத்தாறு காட்டியது. அதையே எழுதி அனுப்பிவிட்டார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. அதிகாரி நேரிலேயே வருகிறாராம்.

"போச்சு!" என்றார் மரியசெல்வம்.

"என்ன போச்சு? வர்றவருக்கு வெக்கையைக் காட்டுவோம்" என்றார் தலைவர். ஊரெங்கும் தண்டோரா போட்டார்கள். நாளைக்கு யாரும் ஸ்வெட்டர் போடக்கூடாது, குல்லாய் கூடாது, போர்வை கூடவே கூடாது. ஆளுக்கொரு விசிறி கட்டாயம். விசிறியை ஜென்மத்தில் பார்த்திராத ஊர் அது. முறத்தை எடுத்துக்கொண்டார்கள். வத்தலக்குண்டிலிருந்து ஒரு மேஜை ஃபேனும் வாடகைக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் அதிகாரி, மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார் சகிதம் குதிரைத் தடத்திலேயே குலுங்கிக் குலுங்கி இரண்டு ஜீப்பில் வந்து இறங்கினார். பெண்டு பிள்ளைகள் ஒரு ஜீப்பைத் திருப்பிக்கொண்டு கொடைக்கானல் ஏரியில் படகு விடப் போய்விட்டார்கள். மல் ஜிப்பாவோடு ஆபீசுக்குள் வந்த அதிகாரியின் முகத்துக்கு நேரே தலைவர் ஃபேனைத் திருப்பினார். ஜன்னல் வழியாக மேகமும் உள்ளே வந்து உட்கார்ந்தது.

"எ... என்னய்யா, இ... இப்படிக் குளிருது?"

மரியசெல்வத்துக்கு வாய் முந்திக்கொண்டது. "வெக்கை தாங்காம வர்ற குளிர்சுரமுங்க."

"ஊர் பூராவுமா?"

வெளியே ஊர் பூராவும் முறத்தால் விசிறிக்கொண்டே வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் கந்தம்மாளுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. அவள் இடுப்பிலிருந்த குழந்தை வெற்று மேலோடு நாலு தும்மல் தும்மியது. ஐந்தாவது தும்மலில் மரியசெல்வத்துக்குத் தாங்கவில்லை. தன்னை நினைத்தே அசிங்கமாக இருந்தது.

"ஐயா, அம்புட்டும் பொய்யிங்க! அந்த முப்பத்தாறு என் கக்கத்துச் சூடுங்க. என் வேலை போனாப் போகட்டும், அந்தப் புள்ளைக்குத் துணி போடச் சொல்லுங்க!"

தலைவர் நாற்காலியோடு நாற்காலியாகிவிட்டார்.

அதிகாரி எழுந்தார். ஃபேனை நிறுத்தினார். கதவைச் சாத்தினார். "இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"சொல்லவும் வேண்டாம். நிலைமை ரொம்ப கவலைக்கிடம். வருஷா வருஷம் ஏப்ரல், மே ரெண்டு மாசமும் நான் இங்கேயே தங்கி ஆராயணும். நல்லதா ஒரு பங்களா பாருங்க. அந்தப் பங்களா வரைக்கும் ரோடு போட்டுடலாம். சூடு அளக்கிற பொறுப்பு உங்களோடது. கையெழுத்து எங்கே போடணும்?"

மரியசெல்வம் வெளியே வந்து மேஜைக்குள் ஒளித்து வைத்திருந்த தன் ஸ்வெட்டரைக் கந்தம்மாளின் குழந்தைக்குச் சுற்றிவிட்டார். வேலை போகவில்லை. ரோடும் வரப்போகிறது. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்றுதான் புரியவில்லை. ஜீப்பில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் அழகுமலையிடம் போனார்.

"ஏண்ணே, பொய்யின்னு நானே ஒத்துக்கிட்டும் உங்க ஐயா நம்புறாரே?"

டிரைவர் மிச்ச டீயையும் நிதானமாகக் குடித்து முடித்தார்.

"நம்புறதா? நெசமாவே வெக்கையில சனம் சுருண்டு விழுதுன்னு ராமநாதபுரம் பக்கமிருந்து நாப்பது மனு வந்து கெடக்கு தம்பி. 'அந்த வெயில்ல மனுஷன் போவானா'ன்னு ஐயா ஒண்ணக்கூடப் பிரிக்கல."