ஆகாயத்தில் நான் போட்ட வளைவுகள்

நான் விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் இலங்கையில், கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் உட்கார்ந்தபடியே, லண்டன் விமானம் ஒன்றை முழுசாக ஒரு நாள் வானத்தில் நிறுத்தி வைத்தவன். அந்தப் பெருமை வேறு எவனுக்கும் கிடையாது.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் தற்காலிகச் சின்னக் கிளாக்கர். அந்த மாதக் கடைசியில் என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று தோட்டத்து வெள்ளைக்காரத் தொர முடிவு செய்ய வேண்டும். (டை கட்டி நான் நடந்த நடையைப் பார்த்தால், தொரையையே நான்தான் நிரந்தரமாக்கப் போகிறேன் என்று நினைப்பீர்கள்.)

புதுத் தொரசாணி செவ்வாய் காலை லண்டனிலிருந்து புறப்படுவதாகத் தந்தி வந்தது. அழைத்து வரத் தொர கொழும்புக்குப் போய்விட்டார். அவருக்குத் தெரியாமல் தோரணம் கட்டி, தப்படித்து வரவேற்கப் பெரிய கிளாக்கருக்கு ஆசை. ரகசியம் என்பதால் தொரையிடம் நாள் கேட்க முடியாது.

“கணக்குல புலின்னு சொல்லிக்கிறியே, எப்ப வந்து சேருவாங்கன்னு போட்டுச் சொல்லு” என்றார் என்னிடம்.

உலகப் படத்தை விரித்து நூல் பிடித்தேன். ஐயாயிரத்துச் சொச்சம் மைல். அதோடு நிறுத்தியிருக்கலாம். அறிவு, சனியன், விடவில்லை. நானுஓயாவும் நுவரெலியாவும் படத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. பஸ்ஸில் போனால் வளைந்து வளைந்து குடல் வாய்க்கு வருகிறது. ஆகவே வளைவுகளுக்காகத் தூரத்தை இரண்டால் பெருக்கினேன்.

எட்டிப் பார்த்த பெரிய கங்காணி, “ரெண்டு பத்தாதுங்க. ஏத்தம் எறக்கம் இருக்குல்ல? மூணாப் போடுங்க” என்றார்.

போட்டேன். அதை விமானத்தின் வேகத்தால் வகுத்து, கொழும்பிலிருந்து கார் வரும் நேரத்தையும் சேர்த்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று அறிவித்தேன். பெரிய கிளாக்கர் உட்பட எல்லாரும் தலையாட்டினார்கள்.

வியாழன் மத்தியானம் பங்களா ரோட்டில் ஏணி மேல் நின்றிருந்தேன். இடுப்பில் மடித்துக் கட்டிய சாரம், கையெல்லாம் கோதுமை மாவுப் பசை. கீழே ஹார்ன் சத்தம் கேட்டது.

“யாருய்யா அது? வேலை நடக்குறது கண்ணுக்குத் தெரியல?” என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினேன்.

காரிலிருந்து தொர இறங்கினார். பின்னாலேயே தொரசாணி. பதறிக்கொண்டு நானும் இறங்கினேன். தோரணமும் என்னோடு இறங்கி, கார் மேல் படுத்துக்கொண்டது. பாவம், அந்த அம்மா சிரித்தபடி கை நீட்டினார். குலுக்கினேன். அவருடைய வெள்ளைக் கையுறை கழன்று என் கையோடு வந்துவிட்டது.

“வெள்ளிக்கிழமைன்னு இவன்தாங்க சொன்னான்” என்று பெரிய கிளாக்கர் என்னைக் காட்டினார். (மூன்றால் பெருக்கச் சொன்ன கங்காணி அதற்குள் தேயிலைச் செடிக்குள் மறைந்திருந்தார்.)

கணக்குத் தாளைத் தொர வாங்கிப் படித்தார். போச்சு, வேலை போச்சு, ஊரில் எந்த முகத்தோடு முழிப்பேன்?

“ஆகாயத்துல வளைவு எங்க இருக்கு, மேன்?”

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். “மேகத்தைச் சுத்திப் போகணுமே, தொர” என்றேன்.

அவர் அதை இங்கிலீசில் சொல்ல, தொரசாணி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார்.

மாதக் கடைசியில் கடிதம் வந்தது. வேலை நிரந்தரம். ஆனால் கணக்குப் புத்தகங்களை நான் தொடவே கூடாதாம்.

இப்போது மகள் கனடாவில் இருக்கிறாள். ஊருக்கு வர விமானம் ஏறும்போதெல்லாம் என் மனைவி போனில் சொல்வது ஒன்றுதான்: “அவசரமில்லடி, மெதுவா வா. அப்பா கணக்குப்படி நாங்க நாளன்னைக்கு உலை வச்சாப் போதும்.”

நானோ முந்தின நாளே கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.