கண் மூடும் பொம்மையின் சப்பரம்

பிள்ளைகளுக்குப் பொம்மை எடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்து வாங்குகிற வித்தை வராது. அதனால் பொம்மையையே வாசிப்பேன். இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்பேன். ஈர முந்தானையால் துடைத்துப் பார்ப்பேன். சாயம் ஒட்டினால் வேண்டாம். ஓரங்களைக் கன்னத்தில் தேய்ப்பேன். கடைசியாக ஒரு நக்கு நக்குவேன். (கடைக்காரன் பார்த்தால் பார்க்கட்டும். பிள்ளை நக்கத்தானே போகிறது?)

இந்தப் பரீட்சை அத்தனையிலும் தேறிய ஒரு பொம்மையால்தான், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் நாலு நாள் வெளியே தலைகாட்ட முடியாமல் கிடந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து நான் அங்கே போய் ஒரு வருஷம் முழுசாக முடியவில்லை. என் வீட்டுக்காரருக்கு யார்டில் வேலை. மகள் கோமதிக்கு ஐந்து வயது. பகலெல்லாம் இன்ஜின் புகையும், பக்கத்து ஏரியிலிருந்து வரும் பனியும் ஒன்றாகக் கலந்து ஜன்னலில் வந்து நிற்கும். எது புகை, எது பனி என்று பிரிக்க முடியாது. ஏரிக்கு வந்த வெளிதேசத்துப் பறவைகள் கத்துவதும், யார்டில் பெட்டிகள் ஒன்றையொன்று மெல்ல முட்டிக்கொள்வதும், கனவுக்குள் யாரோ பாத்திரம் அடுக்குவது போலக் கேட்கும். நான் சோற்றை வடித்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருப்பேன்.

அந்த நேரத்தில்தான் அந்தப் பாட்டு வரும்.

எங்கள் பின்மதில் ரொம்ப உயரம். அதற்கு அந்தப் பக்கம் ஒரு சாலை. சாலை தெரியாது, சத்தம் மட்டும் வரும். மிருதங்கம் மாதிரி ஒரு மேளம், ஜால்ரா, கூடவே பத்துப் பதினைந்து ஆண் குரல்கள். "போலோ ஹோரி... ஹோரி போல்!" ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஊதுபத்தி வாசனை மதிலைத் தாண்டி வரும். குரல்கள் பனிக்குள் போய்க் கரைந்த பிறகும் என் கால் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். அடடா, இந்த ஊரில் எவ்வளவு பக்தி, வாரத்தில் மூன்று நாள் சாமி புறப்பாடு நடக்கிறதே என்று உருகிப்போவேன்.

பிள்ளைகளுக்கான பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் நான் கணக்கு வைத்திருந்தேன். நாலு வார்த்தைக்கு மேல் இருக்கக் கூடாது. நடைக்குத் தாளம் வேண்டும். பாடி முடித்த பிறகும் காதில் ஒட்ட வேண்டும். சாமி பேர் இருந்தால் விசேஷம்; ஹோரி என்றால் நம் ஹரிதானே. இந்தப் பாட்டு நாலிலும் தேறியது. அது என்ன பாட்டு என்று வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பேனா? தெரியாது என்று இன்னொருத்தரிடம் ஒப்புக்கொள்வது அப்போது எனக்குப் பழக்கமில்லை. (இப்போதும் அவ்வளவாக இல்லை.)

அந்தக் காலனியில் எனக்குத் திறந்திருந்த ஒரே கதவு பக்கத்து வீட்டு பௌதியுடையது. பௌதி என்றால் அண்ணி. அங்கே அக்கம்பக்கத்துப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பஜாரில் பேரம் பேசக் கற்றுத் தந்தவள் அவள். கோமதி காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரியும் பகலும் கூட இருந்தவள். நான் பேசிய அரைகுறை வங்காளத்துக்குச் சிரிக்காமல் பதில் சொன்னவளும் அவள் ஒருத்திதான். அவளும் இல்லையென்றால், அந்த ஊரில் நான் பேசுவதற்குப் பனியைத் தவிர வேறு ஆளில்லை.

அவளுக்கு ஏழு வயதில் டுல்டுல் என்று ஒரு மகள். அப்புறம் ஒரு கைக்குழந்தை. அந்தக் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் சடங்கு தள்ளிக்கொண்டே போயிற்று. காரணம், பௌதியின் மாமனார். எல்லோருக்கும் அவர் தாது, அதாவது தாத்தா. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைக்க மாட்டார் என்றே நினைத்திருந்தார்கள். பிழைத்து வீட்டுக்கு வந்த நாலாம் நாள், "முதல் வாய் பாயசம் நான்தான் ஊட்டுவேன்" என்று நாள் குறிக்கச் சொல்லிவிட்டார்.

பௌதி என்னிடம் வந்தாள். "கோமதியின் அம்மா, பத்துப் பிள்ளைங்க வருவாங்க. அவங்களுக்குப் பொம்மை, விளையாட்டு, பாட்டு எல்லாம் உன் பொறுப்பு. உன் அளவுக்கு யாருக்கு இதெல்லாம் தெரியும்?"

எனக்குக் கால் தரையில் படவில்லை. என்ன விளையாட்டு என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் பிள்ளையாக இருந்தபோது நாங்கள் சப்பரம் விளையாடுவோம். பலகையில் பொம்மையைச் சாமியாக வைத்து, தோளில் தூக்கித் தெருவைச் சுற்றுவது. அதையே வைத்துவிட்டேன்.

சாமான் எடுக்கக் கடைத்தெருவுக்குப் போனேன். முதலில் ஒரு சின்னத் தேர் பார்த்தேன். தகர விளிம்பு கன்னத்தைக் கீறியது, வேண்டாம். அடுத்து ஒரு பொம்மைக் கட்டில். தேக்கு. இழைத்த இழைப்பில் கன்னம் வழுக்கியது. நாலு காலும் இரும்பு மாதிரி. எடுத்துக்கொண்டேன். மண்பொம்மை விழுந்தால் உடையும். அதனால் படுக்க வைத்தால் தானே கண் மூடிக்கொள்ளும் பெரிய ரப்பர் பொம்மை. நக்கிப் பார்த்தேன், சாயம் வரவில்லை. அதை நிற்க வைத்தால் சாய்ந்து பிள்ளைகள் தலையில் விழும். ஆகவே படுக்க வைத்தேன். கலர்த் துணி சாயம் போகும் என்று வெள்ளைத் துணி போர்த்தினேன். வாசனைக்கு வெள்ளைச் சம்பங்கி மாலை. விளக்கு வைத்தால் பிள்ளைகள் சுட்டுக்கொள்ளும். அதனால் நாலு மூலையிலும் ஊதுபத்தி.

இன்னும் புரியவில்லையா? எனக்கும் புரியவில்லை.

டுல்டுலுக்குப் புரிந்தது. பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போதே மெல்லப் பக்கத்தில் வந்தாள். என்னைக் காகிமா, அதாவது சித்தி என்றுதான் கூப்பிடுவாள்.

"காகிமா, இந்தப் பாட்டு..."

"பிடிக்கலியா?"

"பிடிச்சிருக்கு. ஆனா இதை எப்போ பாடுவாங்கன்னா..."

"நான் சொல்றப்போ பாடுவாங்க. போய் வரிசையில நில்லு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தாள். "காகிமா, பொம்மை கண்ண மூடிட்டிருக்கே."

"அதுதாண்டி அதுல ஒசத்தி. மட்டமான பொம்மை முழிச்சிட்டே இருக்கும்."

மூன்றாம் முறை வாயைத் திறந்தாள். ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டாள்.

விசேஷ நாள். காலைப் பனி அரைகுறையாக விலகி, பாலில் தண்ணீர் ஊற்றினது போல ஒரு வெயில். பௌதி வீட்டு வராந்தாவில் பெண்கள் கூட்டம். நெட்டியில் செய்த வெள்ளைக் கிரீடத்தோடு குழந்தை. பக்கத்தில் பிரம்பு நாற்காலியில், சால்வையும் குரங்குக் குல்லாயுமாக தாது. அவர் கையில் பாயசக் கிண்ணம். சங்கு ஊதினார்கள். நான் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து கையைக் காட்டினேன்.

சப்பரம் புறப்பட்டது.

முன்காலில் என் கோமதி. பின்னால் ஒருவன் தகரத் தட்டைத் தட்டினான். பத்துப் பிள்ளைகளும் சோடை போகாமல் பாடினார்கள். "போலோ ஹோரி! ஹோரி போல்!" நான் எல்லோருக்கும் முன்னால், கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, தாளம் போட்டபடி நடந்தேன். புகை மிதந்தது. நான் கல்கத்தாவிலேயே இல்லை. எங்கள் ஊர்த் தேரடியில் எனக்கு ஏழு வயது.

முதல் சுற்று. சங்கு பாதியில் நின்றது. பார், சொக்கிப்போனார்கள் என்று நினைத்தேன்.

இரண்டாம் சுற்று. ஒரு அம்மாள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். உருகிவிட்டாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் சுற்றில் வாசலில் என் வீட்டுக்காரர். டியூட்டி முடித்து வந்தவர், ஊர்வலத்தைக் கண்டதும் ஒதுங்கி நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து கும்பிட்டார். எனக்குப் பூரிப்பு. அப்புறம்தான் அவர் நிமிர்ந்து, கட்டிலைத் தூக்குவது தன் மகள் என்று பார்த்தார்.

அதற்குள் நான் சொல்லிக் கொடுத்தபடியே பிள்ளைகள் கட்டிலைக் கொண்டுபோய் தாதுவின் காலடியில் இறக்கிவிட்டார்கள். (பெரியவர்கள் முன்னால் சப்பரத்தை நிறுத்துவது எங்கள் ஊரில் மரியாதை.)

ஓடி வந்த வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். "ஏட்டி! யாரு செத்தா?"

"வாயக் கழுவுங்க. நல்ல நாளும் அதுவுமா! சப்பரம்லா இது."

"என்ன சப்பரம்? ஏட்டி, இந்த ஊர்ல பொணத்தத் தூக்கிட்டுப் போகையிலதான் இந்தப் பாட்டைப் பாடுவாக!"

அவ்வளவு நாள் மதிலுக்கு அந்தப் பக்கம் போனதெல்லாம் என்ன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. உருகி உருகித் தாளம் போட்டேனே! கட்டிலைப் பார்த்தேன். வெள்ளைத் துணி, வெள்ளை மாலை, ஊதுபத்தி. அதற்கு நடுவில், கண்ணை மூடிக்கொண்டு, என் உயர்ந்த ரகப் பொம்மை. எமன் வாசல் வரை போய்த் திரும்பி வந்து சில நாளே ஆன மனிதரின் காலடியில்.

 

தாது குனிந்து கட்டிலைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். காலால் மெல்லத் தட்டியும் பார்த்தார்.

"மரம் நல்லா இருக்கு," என்றார். "ஆனா நீளம் பத்தாதேம்மா. என் கால் வெளியே நீட்டிக்குமே."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். இருமி இருமிச் சிரித்தார். கிண்ணத்திலிருந்த பாயசம் சால்வையில் கொட்டியது. அவருக்கு முதுகு தடவிவிட நாலு பேர் ஓடினார்கள். அந்தச் சிரிப்போடே குழந்தைக்கு முதல் வாய் ஊட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், பௌதியைத் தவிர. அவள் என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலு நாள் அந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை. நானும் போய்த் தட்டவில்லை, பெருமை பிடித்தவள்தானே. சோறு வடித்துவிட்டு ஜன்னலில் நிற்பேன். புகையா பனியா என்று பார்ப்பேன். மதிலுக்கு அப்பால் அந்தப் பாட்டு வந்தால் காதைப் பொத்திக்கொள்வேன். கால் மட்டும், பாவி, தாளம் போடும்.

ஐந்தாம் நாள் டுல்டுல் வந்தாள். "காகிமா, தாது உங்களைக் கூப்பிடறார். இல்லாட்டி மருந்து குடிக்க மாட்டாராம்."

போனேன். கதவைத் திறந்தது பௌதி. நான் வங்காளத்தில் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"கோபம்தான்," என்றாள் அவளே. "மூணு நாள் நிஜமாவே கோபம். நாலாவது நாள், நீ வருவேன்னு பாத்தேன். நீ வரல. அதனால இன்னொரு நாள் கோபம். அவர் தினமும் அந்தக் கட்டிலைப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறார். ரெண்டு மாசமா அவர் சிரிச்சு நாங்க பாக்கல. உள்ள வா. டீ ஆறிடும்."

தாது அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். தன் பங்கு ஊர்வலம் முடிந்துவிட்டதால் எமன் கணக்கிலிருந்து தன் பேரை அடித்துவிட்டான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எனக்கு ஆள் அனுப்பி, "மதராஸி மருமகள் ஒரு சுற்று சுற்றி விடட்டும்" என்பார். கடைசியில் ஒரு மார்கழிப் பகலில் அவர் நிஜமாகவே கிளம்பினார். அன்றைக்குத்தான் அந்தப் பாட்டை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அழுதுகொண்டிருந்த பௌதி என் கையை இறுக்கிப் பிடித்தாள். காதருகில் குனிந்து, "இந்தத் தடவை நீளம் சரியா இருக்கு," என்றாள். இரண்டு பேரும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டோம். பார்த்தவர்கள் அழுகை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இப்போது என் பேரப்பிள்ளைகளுக்கு நான் எந்தப் பொம்மை எடுத்தாலும் கோமதி கேட்கிற முதல் கேள்வி, "கண்ணு மூடுமாம்மா?" பாட்டுச் சொல்லிக் கொடுக்கப் போனாலோ மாப்பிள்ளை, "வீட்டில பெரியவங்க யாருமில்லையே?" என்று எட்டிப் பார்ப்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கட்டில் இன்னும் டுல்டுல் வீட்டில், ஜாதவ்பூரில் இருக்கிறது. ஒரு கால்கூட ஆடவில்லை. நான் எடுத்த சாமான் அது.

டுல்டுலுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. போனில் பேசினால் கடைசியில் இதைச் சொல்லாமல் வைக்க மாட்டாள்: "காகிமா, அன்னைக்கு நான் மூணு தடவை சொல்ல வந்தேன்."

நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். "நாலாவது தடவையும் வந்திருக்கணும்டி," என்பேன்.