சதுரக் கட்டைக்கு அரோகரா

வடிகட்டின முட்டாள் எப்படி இருப்பான் என்று யாராவது கேட்டால், இருபத்திரண்டு வயதில் நான் எடுத்துக்கொண்ட போட்டோவைக் காட்டுவேன். கூரான கட்டைதான் தண்ணீரில் வேகமாகப் போகும் என்பது வாத்துக்குக்கூடத் தெரியும். அதைப் பொய்யென்று நாற்பது பையன்களுக்கு எதிரில், அதுவும் இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நிரூபித்துக் காட்டியவன் நான்.

யுத்த காலம். திருத்தணியில் ஒரு பள்ளியில் சயன்ஸ் வாத்தியாராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமானால் பெண் தருவதாக மணவூரில் ஒரு குடும்பம் சொல்லியிருந்தது. "சித்தூரிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் நல்லபடியாக எழுதினால் நீர் இருக்கலாம்" என்றார் ஹெட்மாஸ்டர். எழுதாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. என் ஊருக்குப் போகும் ரயிலின் நேரத்தை மட்டும் சொன்னார்.

இன்ஸ்பெக்டரை மயக்க நான் தேர்ந்தெடுத்த பாடம் இது. நீளமான தொட்டியில் தண்ணீர். மூன்று கட்டைகள்: ஒன்றுக்கு முகம் சதுரம், ஒன்றுக்கு வட்டம், ஒன்றுக்குக் கூர். கட்டையில் நூலைக் கட்டி, அதை மேஜை ஓரத்து நூற்கண்டு உருளைமேல் விட்டு, முனையில் ஒரே அளவு எடையைத் தொங்கவிட வேண்டும். எடை இறங்கும், கட்டை ஓடும். எது முந்துகிறது என்று பையன்கள் எண்ணிச் சொல்வார்கள்.

புதுத் தகரம் கிடைக்காத நாள். ஸ்டேஷன் பக்கம் டின் கட்டும் காசிம் பாய், பழைய மண்ணெண்ணெய் டின்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் தொட்டி கேட்டேன்.

"ரெண்டு நாளு உடுங்க சார். தண்ணி ஊத்திப் பாத்துட்டுக் குடுக்கறேன்."

"நாளைக்குக் காலைல வேணும் பாய். அவசரம்!" (அந்த வயதில் நான் தூங்குவதைக்கூட அவசரமாகத்தான் தூங்குவேன்.)

மறுநாள் பாயே தொட்டியைச் சுமந்து வந்தார். மேஜைமேல் வைத்துத் தண்ணீர் நிரப்பினோம். அடியில் ஓர் இணைப்பு, மேஜைப் பலகைகளின் அகலமான இடுக்குக்கு நேராக, ஒழுகியது. வாசலில் இன்ஸ்பெக்டரின் ஜட்கா வந்து நின்றது. பாய் மேஜைக்கடியில் புகுந்து, இடுக்கு வழியே கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டார். நான் என் மாற்று வேட்டியை மேஜையைச் சுற்றித் திரையாகத் தொங்கவிட்டேன்.

"அசையாதீங்க பாய்."

"நான் இன்னாத்துக்கு சார் அசையறேன்? நீங்க நடத்துங்க."

நடத்தினேன். சதுரக் கட்டை நிதானமாக, நேராக, ஒன்பது எண்ணுவதற்குள் கரை சேர்ந்தது. வட்டம் எட்டு. அடுத்து, என் கைப்படச் சீவிய கூர்க்கட்டை. ஒரு சாண் பாய்ந்தது. பிறகு முறைத்துக்கொண்ட ஆட்டுக்கடா மாதிரி திரும்பி, தொட்டிச் சுவரில் முட்டி நின்றுவிட்டது. இரண்டாம் தடவையும் முட்டல். மூன்றாம் தடவை முட்டியபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், சதுரக் கட்டையைப் பார்த்து, "அரோகரா!" என்றது. வகுப்பே சேர்ந்து, "அரோகரா!"

ஒரு பையன் எழுந்தான். "சார், கிருத்திகைக்குப் பொய்கைல உடற தெப்பமும் சதுரந்தானே? கூருதான் வேகம்னா, சாமிக்கு ஏன் சார் சதுரமா கட்டறாங்க?"

நான் படித்த புத்தகங்கள் எதிலும் தெப்பம் இல்லை.

"ஏமய்யா, பையன் நியாயமாத்தானே கேக்கறான்? சொல்லும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

என் காதில் ரயில் ஊதிவிட்டது. அப்போது மேஜைக்கடியிலிருந்து ஒரு குரல் வந்தது:

"சாமிக்கு இன்னாங்க அவசரம்?"

இன்ஸ்பெக்டர் முதலில் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பார்த்தார். பெரிய அதிகாரியைக் கண்டதும் பாய் மரியாதையாகக் கையை எடுத்து சலாம் வைத்தார். எடுத்தது ஓட்டையை அடைத்திருந்த கை. இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் இரண்டும் நிரம்பின.

"நீ யாரய்யா?"

"டின்னு கட்ற காசிம்ங்க. தெப்பத்துக்கு வருஷா வருஷம் வெளக்குக் கூண்டு செய்யறவன். அது வேகமா போறதுக்குக் கட்னது இல்லீங்க, ஜனம் பாக்கறதுக்குக் கட்னது. மேளக்காரங்க அல்லாம் மேல ஒக்காரணும், கவுறக் கூடாது." வெளியே வந்து, கூர்க்கட்டையை எடுத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "வாத்தியாரு ஒரு பக்கம் ஜாஸ்தி சீவிட்டாரு."

இடுப்பிலிருந்த அரத்தால் நாலு இழுப்பு இழுத்தார். ஓட்டையை அடைக்கப் பையன்கள் போட்டி போட்டார்கள். திரும்பத் தண்ணீர் ஊற்றினோம். கூர்க்கட்டை ஐந்து எண்ணுமுன் பறந்துபோய் எதிர்க்கரையில் மோதியது. முதலில் கை தட்டியவர், ஈர பூட்ஸுடன் நின்ற இன்ஸ்பெக்டர். ரிப்போர்ட்டில் "பாடம் நன்று, தொட்டி ஒழுகுகிறது" என்று எழுதினார்.

வேலை நிலைத்தது. மணவூரிலிருந்து பெண்ணும் வந்தாள். நான் இத்தனை வருஷம் தின்ற சோறு பாயின் கட்டைவிரல் தாங்கியது. அதை நினைக்காமல் ஒரு நாளும் இலையில் உட்கார்ந்ததில்லை. இன்றைக்கும் ரயிலுக்கு ஒரு மணி முன்னாலேயே நான் குடையும் கையுமாகப் பறந்தால், என் சம்சாரம் உள்ளேயிருந்து, "சாமிக்கு இன்னாங்க அவசரம்?" என்பாள். பேரன் பேத்திகள் கோரஸ் பாடும்.

கல்யாணப் பத்திரிகையோடு பாயைப் பார்க்கப் போனபோது நாலு தடவை நன்றி சொன்னேன். கடைசியில் மனசு கேட்காமல், "இவ்வளவு தெரிஞ்ச உங்க கையால செஞ்ச தொட்டி, அன்னைக்கு எப்படி பாய் ஒழுகிச்சு?" என்று கேட்டேன்.

பற்றவைத்துக்கொண்டிருந்த டின்னிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"நீங்க சாமி இல்லியே சார்."