அப்பாவுக்கு ட்ரெயின் இல்லாத இடம்

சுவிற்சர்லாந்தில் ஓர் ஆளைப் பிடித்து இருத்தி வைத்து ஒரு விசயம் கதைப்பது ஆகாத காரியம். நான் பட்டுத் தெளிந்து சொல்கிறேன். இங்கே எந்த மூலையில் நின்றாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு ட்ரெயின் வந்துவிடும். ட்ரெயின் வராத ஊருக்கு மஞ்சள் பஸ் வரும். பஸ்ஸும் ஏறாத மலைக்குக் கம்பியில் தொங்கிக்கொண்டு ஒரு பெட்டி வரும். நாட்டுக்கு இது பெருமை. என் அப்பாவுக்கு இது தப்பிப்போகும் வழி.

அப்பா கெட்டவர் இல்லை. ஊஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. பிடிக்காத பேச்சு வரப்போகிறது என்று மோப்பம் பிடித்துவிட்டால் கோபிக்க மாட்டார், மறுக்கவும் மாட்டார். கையில் கட்டிய மணிக்கூட்டைப் பார்ப்பார். "சரி, ட்ரெயினுக்கு நேரமாச்சு" என்பார். எழும்பிப் போய்விடுவார். எங்கள் சொந்த வீட்டு சோபாவில் இருந்துகொண்டே இப்படிச் சொல்லி எழும்பிப் போயிருக்கிறார். (எங்கே போனார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.)

எனக்கோ அவரிடம் சொல்ல ஒரு விசயம் இருந்தது. விசயத்தின் பெயர் நிரோ. எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். ஓர்லிகோனில் வளர்ந்தவன், தகப்பன் இல்லை, தாய் ராணி அன்ரிதான் எல்லாம். மட்டக்களப்புக் குடும்பம். அப்பாவோ யாழ்ப்பாணம். கல்யாணம் என்ற சொல் அவர் வாயில் வந்தால், "எங்கட பக்கத்தில பார்ப்பம்" என்பதும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். வேண்டாம் என்று அவர் வாய்திறந்து சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். வாதாட எனக்கு ஆசை. அதற்கென்றே சட்டம் வேறு படித்துக்கொண்டிருந்தேன். எழும்பிப் போகிறவரோடு எப்படி வாதாடுவது? "உங்கட அப்பா ஓம் சொல்லாம நான் தாலி கட்டமாட்டன்" என்று நிரோவும் ஒற்றைக் காலில் நின்றான்.

முதல் முயற்சி எங்கடினில். அப்பாவையும் அம்மாவையும் நிரோவின் ஹோட்டலுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். சுற்றிவர மலை, பனி. இங்கேயிருந்து எங்கே ஓடுவார் என்று நினைத்தேன். கடைசியில் இனிப்பு வந்தது. நிரோ தொப்பியைக் கழற்றிவிட்டு மேசையடிக்கு வந்தான். நான் தொண்டையைச் செருமினேன். யன்னலுக்கு வெளியே, படம் எடுக்க நிற்பதுபோல், சிவப்பு ட்ரெயின் ஒன்று வந்து நின்றது. "சரி" என்றார் அப்பா.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. எந்தப் பிரச்சினையையும் ஒரு நல்ல திட்டத்தால் வெல்லலாம் என்று நம்புகிற வயது. அன்றிரவே திட்டம் பிறந்தது. ட்ரெயின் இல்லாத இடம் தீவு. எழும்பிப் போக முடியாத இடம் படகு. இரண்டையும் சேர்த்தால்? இத்தாலிக் கரையிலிருந்து எல்பா தீவுக்கு, எங்களுக்கு மட்டுமென்று ஒரு தனிப்படகு! அந்தத் தீவில் முன்னொரு காலத்தில் ஒரு பேரரசனையே கொண்டுபோய் அடைத்து வைத்தார்களாம். பேரரசனுக்குப் போதுமான தீவு அப்பாவுக்குப் போதாதா? (அவன் பிறகு அங்கிருந்தும் தப்பிவிட்டான் என்ற பந்திவரை நான் வாசிக்கவில்லை.)

அப்பாவும் அம்மாவும் கல்யாணம் கட்டிய நாளுக்கு என் பரிசு என்று வீட்டில் சொன்னேன். படகில் இடம் மிஞ்சுகிறது, நிரோவும் தாயும் வருகிறார்கள் என்று போகிறபோக்கில் சேர்த்துக்கொண்டேன். அப்பா கடைக்குப் போனார். புதிதாக ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து வாங்கினார்.

துறைமுகத்தில் படகும் வெள்ளையாகத்தான் நின்றது. படகோட்டி, கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் இத்தாலியர், கை கொடுத்து எங்களை ஏற்றப் பார்த்தார். அம்மா ஏறவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு தேசிக்காயை எடுத்தார். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: எலுமிச்சம்பழம்.) முதன்முதலாக ஏறும் வாகனத்தின் சில்லுக்குக் கீழே தேசிக்காயை வைத்து நசுக்காமல் எங்கள் வீட்டில் சைக்கிள்கூட நகராது.

"பிள்ளை, இதுக்குச் சில்லு எங்க இருக்கு?"

"அம்மா, இது வள்ளம். சில்லு இல்லை."

"சில்லில்லாமல் என்னெண்டு போறது? தேசிக்காய் நசுக்காமல் நான் ஏறன்."

அப்போது ராணி அன்ரி தன் பையைத் திறந்தார். உள்ளே ஒரு முழுத் தேங்காய். "அக்கா, எங்கட பக்கம் தோணிக்குத் தேங்காய்தான். முன்னுக்கு ஒரே அடி, விசயம் முடிஞ்சிது."

சொல்லிக்கொண்டே படகின் மூக்கைப் பார்த்துக் கையை ஓங்கினார். படகோட்டி கண்ணாடியைக் கழற்றியதை அன்று அப்போதுதான் கண்டேன். பாய்ந்து வந்து தேங்காய்க்கும் படகுக்கும் நடுவில் நெஞ்சைக் கொடுத்து நின்றார் மனிதர். எனக்குத் தெரிந்த நான்கு இத்தாலியச் சொற்களால் இது ஒரு பிரார்த்தனை என்று விளக்கினேன். அவர் தானும் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, தூரத்தில் ஒரு கல்லைக் காட்டினார். தேங்காய் கல்லில் உடைந்தது. தேசிக்காய்க்கு வழி பிறக்கவில்லை. அம்மா அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு அரை மனதோடு ஏறினார்.

புறப்படும் முன் படகோட்டி எல்லாருக்கும் குளிசை நீட்டினார். காற்று இருக்கிறது, வயிற்றைப் புரட்டும் என்றார். எல்லாரும் வாங்கித் தண்ணீரோடு விழுங்கினார்கள். நான் சிரித்தேன். சின்ன வயதிலிருந்து கிறைஃபன்சே ஏரியில் மிதிபடகு ஓட்டியவள் நான்; எனக்கா குளிசை? போதாததற்குக் காலையில் அம்மா கட்டிக்கொண்டு வந்த இடியப்பமும் சிவந்த தேங்காய்ச் சம்பலும் முட்டைப்பொரியலும் இரண்டு ஆள் பங்கு உள்ளே இருந்தன.

கரை மறைந்தது. இதுதான் நேரம். அப்பா எனக்கு முன்னால் இருந்தார். பின்னால் கடல், இரண்டு பக்கமும் கடல். எழும்பி நின்றேன்.

"அப்பா, உங்களோட ஒரு முக்கியமான விசயம் கதைக்க வேணும்."

அவருடைய கண் தானாக மணிக்கூட்டுக்குப் போனது. பிறகு கடலைப் பார்த்தார். மறுபடி மணிக்கூட்டைப் பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாக என் அப்பாவுக்குப் போக ஒரு ட்ரெயின் இல்லை. வென்றேன் என்று நினைத்தேன்.

"அப்பா, நான் நிரோவை..."

படகு ஒருமுறை மேலே போய்க் கீழே விழுந்தது. இடியப்பம் அதோடு கீழே வரவில்லை, மேலேயே நின்றுவிட்டது. விழுங்கிக்கொண்டு மறுபடி தொடங்கினேன்.

"நிரோவைத்தான் நான்..."

மூன்றாம் முறை வாய் திறந்தபோது சொல் வரவில்லை. மற்றதெல்லாம் வந்தது. குனிந்து பார்த்தேன். அப்பாவின் வெள்ளைச் சப்பாத்து இரண்டும் சம்பல் நிறமாக இருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை நான் படுத்த கிடையில் கேட்டதாகத்தான் சொல்ல முடியும். அம்மா முருகனைக் கூப்பிட்டார். படகோட்டி தன் கடவுளைக் கூப்பிட்டார். நிரோ வாளி தேடினான். ராணி அன்ரி ஒருத்தரையும் கூப்பிடவில்லை. அம்மாவின் கையிலிருந்த தேசிக்காயைப் பிடுங்கி நகத்தால் கீறி என் மூக்கில் வைத்தார்.

"மகள், ஒள்ளுப்பம் மணந்து பாருங்க. கொஞ்சம் போதும், மூச்ச இழுங்க."

சில்லு தேடி வந்த தேசிக்காய் கடைசியில் என் மூக்கில் நசுங்கியது. நான் அதையும் மணந்தேன், அதன்மேலும் வாந்தி எடுத்தேன். "என்னை இறக்கி விடுங்கோ! எங்கையாவது இறக்கி விடுங்கோ, நான் போறன்!" என்று கத்தினேனாம். ஒருத்தரும் எழும்பிப் போக முடியாத இடம் என்று நான் தேடிப் பிடித்த படகில், எழும்பிப் போகவேண்டும் என்று கெஞ்சிய ஒரே ஆள் நான்.

அப்பா என் தலையை மடியில் வைத்திருந்தார். மிகவும் அமைதியாகக் கேட்டார்.

"எங்க பிள்ளை இறங்கப் போறாய்? ட்ரெயினோ வருது?"

அம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு ராணி அன்ரி. நான் அழுதுகொண்டே, "அப்பா, நான் நிரோவைத்தான்..." என்று மறுபடி தொடங்கினேன்.

"கட்டப்போறன் எண்டுதானே? எங்கடினிலயே தெரியும். முதல்ல வாயைக் கொப்பளி."

ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எல்பா வந்தது. துறைமுகத்துச் சுவரில் என்னைச் சாய்த்து இருத்தினார்கள். நிமிர்ந்து பார்த்தேன். எதிரே, ஊரையே ஏற்றக்கூடிய ஒரு பெரிய பயணிகள் கப்பல் நின்றது. அடிக்கடி வந்து போகுமாம். தனிப்படகுப் படங்களைப் பார்த்து மயங்கிய நான் அதைத் தேடிப் பார்க்கவே இல்லை.

அப்பாவும் கப்பலைக் கண்டார். மணிக்கூட்டைப் பார்த்தார். "சரி" என்று எழும்பினார். முடிந்தது என்று கண்ணை மூடினேன்.

எழும்பியவர் நின்ற இடத்திலேயே நின்றார். காலில் சப்பாத்து இல்லை. நிரோ அதைத் தண்ணீர்க் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவிக்கொண்டிருந்தான். வெயிலில் கல் கொதித்தது. அப்பா ஒரு காலை வைத்தார், எடுத்தார், மறுகாலை வைத்தார், மறுபடி இருந்துவிட்டார்.

அந்த இடைவெளியில் ராணி அன்ரி புகுந்தார். அவருக்கும் வேலை ஓர்லிகோனில் ஒரு முதியோர் இல்லத்தில். வயோதிபர்களுக்கு மசித்த கரட்டும் சூப்பும் ஊட்டுவது அவர் பொறுப்பு.

"அண்ணன், நீங்க சமையல் பக்கம் என்ன? உங்களப்போல ஆக்கள்தான் அந்தக் கரட் களியச் செஞ்சு அனுப்புறது. அதுகள் வாயில வச்சிட்டு என்ட முகத்திலதான் துப்புதுகள்."

அப்பா நிமிர்ந்தார். "கரட் களியில என்ன பிழை? நீங்கள் ஆறவிட்டுக் குடுத்தா ஆர்தான் தின்னும்?"

"ஆறாமக் குடுத்தா வாய் வேகாதா?"

"அதுக்குப் பட்டர் போடவேணும். போடவிடுறாங்களோ? உப்பும் குறை, பட்டரும் குறை எண்டா..."

பேச்சு களியிலிருந்து சூப்புக்கும், சூப்பிலிருந்து இருவரின் மேலதிகாரிகளுக்கும் போனது. நிரோ சப்பாத்தைக் கொண்டுவந்து வைத்தான். ஓரளவு காய்ந்திருந்தது, நிறம் மட்டும் திரும்பி வரவில்லை. அப்பா காலை நுழைத்தார், நாடாவைக் கட்டினார். கப்பல் ஊதியது.

அப்பா கப்பலைப் பார்த்தார்.

"அது போகட்டும். அடுத்ததில போவம்" என்றார். பிறகு ராணி அன்ரியின் பக்கம் திரும்பி, "அப்ப உங்கட இடத்தில இஞ்சி போட விடுறாங்களோ?" என்று கேட்டார்.

அம்மா என் காதுக்குள் சொன்னார்: "பிள்ளை, உன்ர கொப்பர் ஒரு கப்பலை விட்டிட்டார். உது ஓம்தான்." அதற்குப் பிறகுதான் என் வயிறு அடங்கியது. வந்த நிம்மதியில் அந்தச் சுடுகல்லிலேயே நித்திரையாகிவிட்டேன்.

அடுத்ததும் போனது. அதற்கடுத்ததில் எல்லாரும் ஏறினோம். தனிப்படகு எங்களை விட்டுத் தனியாகவே திரும்பியது; படகோட்டியின் முகத்தில் அவ்வளவு நிம்மதி. எங்கள் கல்யாணத்தன்று காரின் நான்கு சில்லுக்கும் நான்கு தேசிக்காய் வைத்தார்கள். ஐந்தாவதை அப்பா எல்லாரும் பார்க்க என் கையில் தந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது இடையில் எழும்பினால் மற்றவர்கள் ஒரே குரலில், "ட்ரெயினோ வருது?" என்பார்கள். அப்பாவும் இப்போது எழும்புவது குறைவு.

போன மாதம் எல்லாரும் ஊஸ்டரில் அப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் தொடாத சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்பா, ஒரு முக்கியமான விசயம்" என்று தொடங்கினேன். அம்மா குசினிக்குள் ஓடித் தேசிக்காய் எடுத்துவந்தார். அப்பா வாசலுக்குப் போய்த் தன் சப்பாத்தை எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு வந்து இருந்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

ராணி அன்ரி மட்டும் சிரிக்கவில்லை. தேசிக்காயை வாங்கி நகத்தால் கீறி என் மூக்கடியில் வைத்தார். "மகள், எத்தின நாளா இப்பிடி?" என்று கேட்டார்.